கோகோன்: ஜப்பானிய இளைஞரின் குழுச் சந்திப்பு

பெரியோர் முன்னின்று வரன் பார்த்து நிச்சயிக்கும் 'ஓமியாய்' என்னும் வழக்கம், 1960-களின் பிற்பகுதியில் காதல் மணத்துக்கு முதலிடத்தை விட்டுக்கொடுத்த பின்னர், துணையைத் தாமே தேடவேண்டியவரான ஜப்பானிய வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் உபகாரமாக விளங்கி வருவது 'கோகோன்' என்னும் குழுச் சந்திப்பு. பரஸ்பரம் பரிச்சயமுள்ள ஓர் ஆணும் பெண்ணும் காரியஸ்தர்களாக நின்று, தத்தம் சிநேகிதர்களில் மூவரையோ நால்வரையோ சம எண்ணிக்கையில் அழைத்து வர, 'இஸகாயா' என்னும் எளிய மதுபான உணவகத்தில், நீண்ட மேஜையின் இருபுறமும் எதிரெதிரே அமர்ந்து, கிண்ணம் உயர்த்தி, ஒவ்வொருவராகத் தம்மை அறிமுகம் செய்துகொண்டு, நேரம் செல்லச் செல்ல இடம் மாறி உட்கார்ந்து, அனைவரோடும் அளவளாவுகிறார்கள். கூச்சம் மிகுந்தவருக்கு அருகே ஒரு நண்பர் இருப்பது எத்தனை பெரிய தைரியம்! அந்நியரைத் தனியே சந்திக்கும் சங்கடமும், விசேஷமாகப் பெண்களுக்கு அதிலுள்ள அச்சமும் இங்கே வெகுவாகக் குறைகின்றன. இம்முறையின் மெய்யான சிறப்பு இதுவே என்பது என் துணிபு. இதனையே ஊரளவுக்கு விஸ்தரித்து, பல உணவகங்களில் ஏராளமானோர் கலந்து பழகும் 'மாச்சிகோன்' என்ற வைபவம், 2004-ஆம் ஆண்டில் உட்சுனோமியா நகரத்தில் தொடங்கி, பின்னர் ஜப்பானின் பிற நகரங்களுக்கும் பரவியது.