தெரு காத்த உயிர்கள்

1995 ஜூலை 13 அன்று சிகாகோவில் வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கூடவே காற்றில் ஈரமும் மிகுந்திருந்தது. அப்படிப்பட்ட நாளில் வியர்வை வழியுமே தவிர உலராது. உலராவிட்டால் உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. இரவிலும் புழுக்கம் தணியவில்லை. முதியவர்களுக்குத் தாகம் எடுப்பதே தாமதமாகத்தான் தெரியும். அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறை நிரம்பி, குளிர்சாதன லாரிகளை வரவழைக்க வேண்டியிருந்தது.

யார் இறந்தார்கள்? தனியாக வசித்த ஏழை முதியவர்களே அதிகம். இதை யாரும் ஊகித்துவிடலாம். ஆனால் எரிக் க்ளினென்பர்க் என்ற சமூகவியலாளர் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது, ஊகத்துக்கு அடங்காத ஒன்று தென்பட்டது. நார்த் லாண்டேல், சவுத் லாண்டேல் இரண்டும் ஒட்டிக் கிடக்கும் பகுதிகள். இரண்டிலும் வறுமை உண்டு; தனித்து வாழும் முதியவர்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றுதான். அடித்ததும் ஒரே வெயில். ஆனால் நார்த் லாண்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். சவுத் லாண்டேலில் 4 பேர்.

பத்து மடங்கு! எந்த மருந்தின் பலனும் இவ்வளவு துலக்கமாகத் தெரிவது அபூர்வம்.

நார்த் லாண்டேலில் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். ஆலைகள் மூடப்பட்டு, வேலை போய், ஆட்களும் கடைகளும் போய், வீடுகள் இருந்த இடத்தில் புதர் மண்டிய காலி மனைகள் மிஞ்சியிருந்தன. போதைப்பொருள் விற்பவர்களுக்குப் பயந்து முதியவர்கள் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். வெளியே போவதென்றாலும் எங்கே போவது? சவுத் லாண்டேலில், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த அப்பகுதியில், தெரு முழுக்கக் கடை, நடைபாதை முழுக்க ஜனம். வெந்து போன கிழவர் ஒருவர் நாலு எட்டு வைத்தால் குளிரூட்டிய கடை ஒன்றுக்குள் நுழைந்து நிற்கலாம். அங்கே நாலு பேர் கண்ணில் படுவார்.

லத்தீன் அமெரிக்கர்களின் குடும்பப் பாசமே காரணம் என்று பலர் சொன்னார்கள். அது மட்டும் போதாது. பிள்ளைகள் வேறிடம் போய்விட, சவுத் லாண்டேலில் தனியே தங்கிவிட்ட வெள்ளைக்கார முதியவர்களும் பிழைத்தார்கள். நகரின் இன்னொரு மூலையில், கடைகளும் அக்கம்பக்கத்துச் சங்கங்களும் உயிர்ப்போடிருந்த ஆபர்ன் கிரெஷாம் என்ற கறுப்பினப் பகுதியிலும் சாவு மிகக் குறைவு. ஆகவே இனத்தைக் காரணம் காட்டவும் இடமில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. தனித்து வாழும் முதியவர்களில் பெண்களே அதிகம். ஆனால் வயது வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தால் ஆண்களின் இறப்பு விகிதமே கூடுதல். தனியே வசித்தாலும் பெண்கள் பேச்சுத் தொடர்பை விடுவதில்லை. வேலை ஓய்ந்த ஆண்கள் பலருக்கு அந்தத் தொடர்பும் அதோடு அறுந்து போகிறது.

1999இல் மீண்டும் வெப்ப அலை வந்தபோது நகர நிர்வாகம் முதியவர்களுக்குத் தொலைபேசியில் பேசியது, ஊழியர்களை அனுப்பிக் கதவைத் தட்டியது, குளிர்ந்த கூடங்களுக்கு இலவசப் பேருந்து விட்டது. அந்த முறை இறந்தவர்கள் சுமார் 110 பேர்.