சத்தமில்லாத மோட்டாருக்கு எந்த பேட்டரி?

மீன்பிடிப் படகில், பெரும்பாலும் அதன் முன்பகுதியான அணியத்தில், பொருத்தப்படும் சிறிய மின்மோட்டாரே ட்ரோலிங் மோட்டார். பெட்ரோல் எஞ்சின் படகை மீன் கிடைக்கும் இடம்வரை கொண்டுபோகும். அங்கே அதை அணைத்துவிட்டால், மீனை மிரட்டாமல் மெல்ல நகர்வதும், காற்றடிக்கும்போது ஒரே இடத்தில் நிற்பதும் இந்த மின்மோட்டாரின் வேலை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஃபார்கோ நகரில் 1934-ல் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு இத்தகைய கருவியைச் செய்தார். இன்று அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கும் படகுகளில் இது இல்லாத படகைக் காண்பது அரிது.

இந்த மோட்டார்கள் நெடுங்காலம் ஈய-அமில பேட்டரியில்தான் ஓடின. அண்மை ஆண்டுகளில் அந்த இடத்தை லித்தியம் பேட்டரி பிடித்துவருகிறது. பழைய பேட்டரியைக் கழற்றி, அதே அளவில் புதியதை வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்தே இருக்கிறது. மோட்டார், சார்ஜர், வயர் எல்லாவற்றோடும் அது பொருந்த வேண்டும்.

எந்த லித்தியம்?

படகில் பயன்படுவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. செல்போன் பேட்டரிகளில் உள்ள கோபால்ட் வகையை விட எடைக்கு எடை இது குறைந்த ஆற்றலையே தாங்கும். ஆனால் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும், எளிதில் தீப்பற்றாது, ஆயுளும் அதிகம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வில் இந்தப் பொருள் அறிமுகமானது. அதற்கு முன்பே, 1980-களில், இத்தகைய சேர்மங்களுக்கு வழிகாட்டிய ஆய்வுகளைக் குட்இனஃபுடன் சேர்ந்து செய்தவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரமே.

இவ்வகைச் செல் ஒன்றின் மின்னழுத்தம் 3.2 வோல்ட். நான்கு செல்களை அடுத்தடுத்து இணைத்தால் 12.8 வோல்ட், எட்டு இணைத்தால் 25.6, பன்னிரண்டு இணைத்தால் 38.4. கடையில் 12, 24, 36 வோல்ட் பேட்டரி என்று விற்கப்படுபவை இவைதான்.

படகின் எடையிலிருந்து தொடக்கம்

பேட்டரியைத் தேர்வதற்கு முன் மோட்டாரின் தேவை தெரிய வேண்டும். ஆளும் சாமானும் ஏறிய படகின் எடையில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 1,600 கிலோ எடையுள்ள படகுக்கு ஏறத்தாழ 70 பவுண்டு ஆகிறது. பொதுவாக 55 பவுண்டு வரையுள்ள மோட்டார்கள் 12 வோல்ட்டிலும், 80 பவுண்டு மோட்டார்கள் 24 வோல்ட்டிலும், 112 பவுண்டு மோட்டார்கள் 36 வோல்ட்டிலும் ஓடுகின்றன. ஆக, இந்தப் படகுக்கு 24 வோல்ட் அமைப்பு சரியாக இருக்கும்.

அடுத்தது பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் ஆம்பியர்-மணி. 80 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 56 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆனால் நாள் முழுக்க முழு வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை. வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே மின்செலவு மளமளவென இறங்கிவிடும். சராசரியாக 10 ஆம்பியர் செலவானால் எட்டு மணி நேரத்துக்கு 80 ஆம்பியர்-மணி போதும். கையிருப்பையும் சேர்த்து 100 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கலாம். காற்றும் நீரோட்டமும் மிகுந்த இடத்தில், ஜி.பி.எஸ். துணையுடன் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் வசதியை அடிக்கடி பயன்படுத்துபவருக்கு இந்தச் சராசரி இரண்டு மடங்காகலாம்.

ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் ஏமாற நேரும். 25.6 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ள ஆற்றல் 2,560 வாட்-மணி, 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதில் பாதிதான். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வரும் எண்ணையே ஒப்பிட வேண்டும்.

ஈயத்தோடு ஒப்பிட்டால்

100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். அதே அளவுள்ள லித்தியம் 10 முதல் 14 கிலோ. 36 வோல்ட்டுக்கு மூன்று பேட்டரி வைக்கும் படகில் சுமார் 50 கிலோ குறைந்துவிடும்.

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையும். வேகமாக மின்சாரம் எடுத்தால், எழுதியிருக்கும் கொள்ளளவு முழுதும் கிடைக்காது. லித்தியத்தில் இந்த இரு குறைகளும் மிகக் குறைவு. அதன் மின்னழுத்தமும் கடைசிவரை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்பதால், மாலையிலும் மோட்டார் காலையில் ஓடிய வேகத்திலேயே ஓடும்.

அதே நிலைத்தன்மையால் ஒரு சங்கடமும் உண்டு. ஈய-அமில பேட்டரி தளர்வது மோட்டாரின் வேகத்திலேயே தெரியும். லித்தியம் அப்படிக் காட்டிக்கொடுக்காது; தீர்ந்ததும் சட்டென்று நின்றுவிடும். வோல்ட்மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று கணிப்பதும் கடினம். உள்ளே சென்ற, வெளியே வந்த மின்னோட்டத்தை எண்ணிக் காட்டும் கருவியோ, ப்ளூடூத் வழியாக இருப்பைச் செல்போனில் காட்டும் பேட்டரியோ இருப்பது நல்லது.

உள்ளிருக்கும் காவலாளி

லித்தியம் பேட்டரிக்குள் உள்ள மின்னணுப் பலகை, மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும், மின்னோட்டம் எல்லை மீறினாலும், சூடோ குளிரோ மிஞ்சினாலும் இணைப்பைத் துண்டித்துவிடும். அது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்பதை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டும். 50 ஆம்பியர் மட்டுமே விடும் மலிவான பேட்டரியில் 56 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை மாட்டினால், எதிர்க்காற்றில் முழு வேகம் தேவைப்படும் நேரத்தில் அது நின்றுவிடலாம். 100 ஆம்பியர் தாங்கும் பேட்டரி பாதுகாப்பானது.

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறும்போது, ஒன்றின் பலகை துண்டித்தால் மொத்த மின்னழுத்தமும் அந்தப் பலகையின் மேல் விழும். எனவே தொடர் இணைப்புக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொன்ன பேட்டரிகளையே அப்படி இணைக்கலாம். அவை ஒரே வகையாகவும் ஒரே வயதாகவும் இருக்க வேண்டும். இணைக்கும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும். ஒரே பெட்டியில் வரும் 24 வோல்ட் பேட்டரிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எடையைப் படகில் பிரித்து வைக்கும் வசதி அதில் கிடையாது.

சார்ஜரும் மற்றவையும்

12.8 வோல்ட் பேட்டரியை 14.4 முதல் 14.6 வோல்ட்டில் சார்ஜ் செய்ய வேண்டும். சில பழைய சார்ஜர்கள் ஈயத் தகட்டின் படிவைக் கரைக்க அதற்கு மேலும் மின்னழுத்தத்தை ஏற்றும். அவை லித்தியத்துக்கு ஆகாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற குளிர்ப் பகுதிகளில் குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்போ, உள்ளேயே சூடேற்றும் வசதியோ அவசியம்.

மோட்டாரின் கையேட்டையும் பார்க்க வேண்டும். லித்தியத்தின் மின்னழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்பதால், நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். பேட்டரிக்கு அருகில், பொதுவாக 60 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் ஒன்றும் மோட்டாருக்கு ஏற்ற தடிமனுள்ள வயரும் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினை முடுக்கச் சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவைப்படுவதால், அதற்குத் தனி பேட்டரி வைப்பதே முறை.

பருவம் முடிந்து படகைக் கரையேற்றும்போது ஈய-அமில பேட்டரியை முழுதாக நிரப்பி வைப்பார்கள். லித்தியத்தைப் பாதியளவு சார்ஜுடன், இணைப்புகளைக் கழற்றி, குளிர்ச்சியான இடத்தில் வைப்பதே நல்லது.

விலைதான் கடைசிக் கேள்வி. லித்தியம் வாங்கும்போது பொதுவாக ஈயத்தை விட அதிகப் பணம் போகும். ஆனால் ஈய-அமில பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏற்றி இறக்குவதோடு ஓய்ந்துவிடும். நல்ல லித்தியம் 2,000 முறைக்கு மேல் தாங்கும். வாரம்தோறும் படகிறக்குபவருக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். கோடையில் ஓரிரு முறை மட்டும் ஏரிக்குப் போகிறவருக்கு ஈய-அமில பேட்டரியே போதும்.