தக்காளிக்குச் சுண்ணாம்பு வேண்டுமா?

ஆசையோடு வளர்த்த தக்காளியில் காய் திரண்டு வரும் வேளையில், அதன் அடிப்பாகம் மாத்திரம் கறுத்து, தோல்போல் காய்ந்து குழிவிழுவதைக் கண்டிருப்பீர்கள். இது பூச்சியுமல்ல, தொற்று நோயுமல்ல. காய்க்கு வேண்டிய கல்சியம் போய்ச் சேரவில்லை. கறிமிளகாயிலும் இவ்வாறு வருவதுண்டு.

உடனே வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துச் செடியடியில் ஊற்றுவோர் இருக்கிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அது கடும் காரம். இளம் வேர்களைப் பொசுக்கிவிடும். முதலில் தண்ணீரைக் கவனியுங்கள். கல்சியம் வேரிலிருந்து மேலே ஏறுவது நீரோடுதான். சில நாள் காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் கல்சியம் இருந்தும் காய்க்குக் கிட்டாது. ஏறும் நீரிலும் பெரும்பங்கை இலைகளே இழுத்துக்கொள்கின்றன. யூரியாவை அள்ளிப் போட்டு இலையைத் தழைக்க வைத்தால் காயின் பாடு இன்னும் திண்டாட்டம்தான். ஈரம் மாறாதபடி அளவாக நீரூற்றி, செடியடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி வையுங்கள். அநேக வீடுகளில் இதுவே போதும்.

அப்படியும் தீராவிட்டால் மண்ணைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் காலி, களுத்துறைப் பக்கங்களில் மழைநீர் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு போக, மண் அமிலத் தன்மை அடைகிறது. மண்ணின் பீ.எச். 5.5 இற்குக் கீழே என்றால் டொலமைற் இடுங்கள். சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம் வரை, கன்று நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே மண்ணோடு கிளறிவிட வேண்டும். அதே நாளில் சாணமோ யூரியாவோ சேர்க்காதீர்கள். நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு. குடாநாட்டின் அடியில் கிடப்பதே சுண்ணாம்புக்கல். அங்கே மேலும் சுண்ணாம்பு இட்டால், செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலைகள் மஞ்சளாகும். காரம் கூடிய மண்ணுக்குக் கல்சியம் தேவைப்பட்டால் ஜிப்சமே பொருத்தம்.

முட்டைக் கோதில் கல்சியம் நிறைய உண்டு. ஆனால் பூச்சாடியில் அப்படியே கவிழ்த்து வைப்பது வெறும் அழகுக்குத்தான்! கழுவிக் காயவைத்து, மாவாக இடித்துப் போடுங்கள். அதுவும் அடுத்த போகத்துக்கே உதவும்.

கறுத்த காய் இனித் தேறாது, பறித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடிக்காதிருந்தால் கறுத்த பாகத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தைக் கறிக்குப் போடலாம்.