உணர்வுள்ள குழாய்கள்

எங்கள் பெரியநாயக்கன்பாளையத் தோட்டங்களில் பம்பு செட்டை இயக்கினால், நீரழுத்தத்தால் ரப்பர் குழாய் புடைக்கும். எதிர்த்து ஒன்றும் செய்யாது. நம் உடலிலுள்ள சிறு தமனிகளோ அத்தகையன அல்ல. உள்ளழுத்தம் மிகுந்து சுவர் விரியுங்கால், அச்சுவரின் தசை உயிரணுக்கள் சுருங்கி எதிர்நிற்கின்றன. தமனியின் இவ்வியல்பை 1902-இல் ஆங்கில அறிஞர் பேலிஸ் விளக்கினார்.

உயிரணு இழுவிசையை உணர்வது எங்ஙனம்? அதன் மெல்லிய உறையில் புரதத்தாலான நுண்வாயில்கள் உள்ளன. உறை இழுபட்டால் அவற்றுள் சில திறக்கும், கால்சியம் உட்புகும், அதுவே உயிரணுவுக்குச் செய்தி. இரத்தக் குழாயின் உட்படலத்திலும் சிறுநீர்ப்பையிலும் பணிபுரியும் ‘பியசோ’ என்னும் வாயில்களை 2010-இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன், 2021-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இரத்த அழுத்தம் பல்லாண்டுகள் மிகுந்தே இருப்பின், ஓயாத இழுவிசைக்கு ஈடுகொடுக்கச் சுவர் தடிக்கும். குருதி செல்லும் வழி குறுகும். இவையெல்லாம் வலியின்றியே நிகழும். ஆதலின், வீட்டுப் பெரியோர் தம் இரத்த அழுத்தத்தை அளந்தறியுமாறு செய்தல் கற்ற பிள்ளைகளின் கடமையாகும்.