வீடு முதலா, ஈறா?

அறம், பொருள், இன்பம், வீடு என்னும் அடைவில் வீடு ஈற்றில் நிற்கும். ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது கல்லாலும் மரத்தாலும் ஆகிய வீடு. சித்தந் தடுமாறி, மதுவுக்கோ பிற போதைப்பொருளுக்கோ அடிமையாகி, தெருவில் உறங்கும் ஒருவனை மீட்கப் புகுவோர் அவனுக்கு அவ்வீட்டை முதலில் அளித்தல் வேண்டுமா, ஈற்றில் அளித்தல் வேண்டுமா என்பதே வினா.

குடியை விடுக, பின்னர் மருந்துண்க, அதன் பின்னரே வீடு பெறுக என்பது நெடுங்காலம் மேல்நாட்டார் பலர் கொண்ட முறை. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயின் ஒரு படியிற் சறுக்கினவன் மீண்டுந் தெருவிற்கே வந்து சேர்ந்தான்.

1955ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் அரசினர் மனநோய் வைத்தியசாலைகளில் ஏறத்தாழ 5½ இலட்சம் நோயாளர் இருந்தனர். பின்வந்த ஆண்டுகளில் அவர்களுட் பெரும்பாலோர் வெளியே அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றுப் பராமரிக்கும் ஒழுங்குகளோ போதிய அளவில் அமையவில்லை. நியூயோர்க் போன்ற நகரங்களின் நடைபாதைகளில் உளநோயாளர் உறங்கும் நிலை இவ்வாறும் உண்டாயிற்று.

அந்நகரில் 1992ஆம் ஆண்டு சாம் செம்பெரிஸ் என்னும் உளவியலறிஞர் நிறுவிய 'பாத்வேஸ் டு ஹவுசிங்' என்னும் நிறுவனம் மேற்கூறிய வரிசையைத் தலைகீழாக்கியது. குடியை விட்டாலன்றி வீடில்லை என்னும் நிபந்தனை நீக்கப்பட்டது. திறப்பு முதலிலேயே கையிற் கொடுக்கப்பட்டது. வருவாயில் 30 வீதத்தை வாடகையாகக் கொடுத்தலும், பணியாளர் வந்து காண்பதற்கு இசைதலுமே வேண்டப்பட்டன.

இரவு உறங்காது வரும் மாணவனுக்குக் கணக்கு ஏறாது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். வீடற்றவனுக்கோ எல்லா இரவும் அத்தகையனவே. நாளுக்கு இருமுறை உண்ணவேண்டிய மருந்தை அவன் எங்கே வைப்பான்? மழையில் நனையும்; உறங்கும்போது களவுபோகும். குளிரையும் அச்சத்தையும் மறக்கக் குடிப்பவனை முதலிற் குடியை விடச்சொல்லுதல், காய்ச்சல் தணிந்தபின் வைத்தியரிடம் வா என்பதனை ஒக்கும்.

எனினும் வீடு தனித்து நின்று யாதுஞ் செய்யாது. மனநோய் வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர், போதையினின்று மீட்பதிற் பயின்றவர், தாமே இந்நோய்ப்பட்டு மீண்டவர் ஆகியோர் ஒரு குழுவாக அவ்வீட்டை நாடிச் செல்வர். விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரில் 1970ஆம் ஆண்டுகளில் உருவான முறை இது. ஊசி மருந்து ஏற்றுவதும் அவர் பணி. கடைக்கு உடன்சென்று அரிசியோ பாணோ வாங்கப் பழக்குவதும் அவர் பணியே.

குடிப்பவனுக்கு வீடு கொடுத்தாற் குடி பெருகாதா என வினவுவார் உளர். கனடாவின் ஐந்து நகரங்களில் 2009 முதல் 2013 வரை இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடை இது சோதிக்கப்பட்டது. குலுக்கல் முறையால் அவர்கள் இரு சாராராகப் பிரிக்கப்பட்டனர். இறுதி ஆறு மாதம் முழுவதும் வீட்டிலேயே வாழ்ந்தோர், வீடு முதலிற் பெற்றோருள் 62 வீதம். வழக்கமான உதவிகளை மட்டும் பெற்றோருள் 31 வீதம். போதைப் பழக்கமோ இருசாராரிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவிற் குறைந்தது. ஆகவே, வீடு குடியை வளர்த்ததென்று கூறுதற்கில்லை. வீடே குடியை மாற்றிற்றென்று கொண்டாடுதற்கும் இடமில்லை. போதையினின்று மீளுதல் அதற்குப் பின்னும் நெடிய வேலையாகவே நின்றது.

அதனாலேயே, வாடகை கொடாதோ அயலாரொடு பூசலிட்டோ ஒருவன் தன் வீட்டை இழந்துவிடினும் குழு அவனை விட்டு நீங்குவதில்லை. சிறையிலோ வைத்தியசாலையிலோ தெருவிலோ அவனைத் தேடிக் கண்டு, வேறொரு வீடு பார்க்கத் தொடங்கும்.