உஷார்! மாத்தி வைக்கிற நகை மூழ்கிப்போகும்

பவுன் விலை ஏற ஏற அடகுக் கடைகளில் ஒரு பேச்சு சூடு பிடிக்கிறது. போன வருஷம் வைத்த அதே வளையலுக்கு இப்போது கூடுதல் பணம் கிடைக்கும், பழைய கடனை அடைத்து மாத்தி வையுங்கள் என்று போன் போட்டே கூப்பிடுகிறார்கள். அந்த மேல்தொகையில் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவர்கள் உண்டு. அது அவசரம், புரிகிறது. ஆனால் அதே பணத்தில் இன்னும் ஒரு பவுன் வாங்கி, அதையும் கொண்டுபோய் வைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை நினைத்தால்தான் பகீர் என்கிறது.

இந்தத் துணிச்சலுக்கு அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: தங்கம் இறங்காது. இறங்கியிருக்கிறது, அதுவும் கொடூரமாக. 1980 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் 850 டாலர். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை, ஈரானில் பிணைக்கைதிகள், அமெரிக்காவில் கடும் விலைவாசி. பயந்த பணமெல்லாம் தங்கத்துக்கு ஓடியது. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற விட்டார். டாலரே இவ்வளவு வட்டி தரும்போது, வட்டி தராத உலோகம் எதற்கு என்று கூட்டம் கலைந்தது. 1982 நடுவில் 300 டாலர். 1999-ல் 250-ஐ ஒட்டி வந்துவிட்டது. பழைய 850-ஐத் திரும்பத் தொட்டது 2008 ஜனவரியில். 28 வருஷம்!

நம் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் ஏன் இந்தச் சரிவு நினைவில் இல்லை? 1980-ல் ஒரு டாலருக்கு சுமார் 8 ரூபாய் கொடுத்தோம், 1999-ல் 43 ரூபாய். தங்கம் விழுந்ததைவிட மோசமாக ரூபாய் விழுந்ததால் உள்ளூர் விலை மொத்தத்தில் ஏறியே இருந்தது. 2011 செப்டம்பரில் 1,900 டாலரைத் தாண்டிய தங்கம் 2015 டிசம்பரில் 1,050-க்கு வந்தபோதும் இதே கதைதான். ரூபாய்ச் சரிவும் 10 சதவீதமாக ஏறிய இறக்குமதி வரியும் நம்மீது விழ வேண்டிய அடியில் பெரும்பகுதியை மறைத்துவிட்டன. 20 வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டியவருக்கு இந்தக் கணக்கு கைகொடுக்கும். 12 மாதத் தவணையில் அடகு வைத்தவரை அது காப்பாற்றாது.

ஏன் என்று பாருங்கள். நகைக் கடன் விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் மாற்றியது. இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றது. அதற்கு முன் 75. பவுன் லட்சம் ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு பவுனுக்கு 1,70,000. விலை 15 சதவீதம் இறங்கினால் உங்கள் நகையும் உங்கள் கடனும் சரிக்குச் சரி. 15 சதவீதம் இறங்க மாதக்கணக்காகும் என்று நினைக்க வேண்டாம். 2013 ஏப்ரல் 12, 15 ஆகிய இரண்டே வர்த்தக நாட்களில் உலக விலை சுமார் 13 சதவீதம் சரிந்தது. 2025 அக்டோபர் 21 அன்று ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல். இறக்குமதி வரி காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது: 2024 ஜூலை பட்ஜெட்டில் அது 15-லிருந்து 6 சதவீதமானதும் உள்ளூர் விலை அன்றே இறங்கியது.

விலை இறங்கினால், குறைந்த மதிப்புக்கு ஈடாகக் கூடுதல் பணம் கட்டச் சொல்லிக் கடன் கொடுத்தவர் கேட்பார்; அதுதான் மார்ஜின். கட்டாவிட்டால் ஏலம். நீங்கள் கொடுத்த செய்கூலி, சேதாரம், கல் எதற்கும் அங்கே மதிப்பில்லை.

“மத்திய வங்கிகளே வாங்கிக் குவிக்கின்றனவே?” வாங்குகின்றன. 2022-ல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதைப் பார்த்த பிறகு, யாரும் முடக்க முடியாத சொத்து தேவை என்று 2024 வரை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. நியாயமான காரணம். ஆனால் எந்த மத்திய வங்கியும் தங்கத்தை அடகு வைத்து மேலும் தங்கம் வாங்குவதில்லை. 1991-ல் இந்தியா சுமார் 47 டன்னை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடு வைத்தது, இறக்குமதிக்கே டாலர் இல்லாத நெருக்கடியில். பிறகு மீட்டது.

 

அடகுச் சீட்டு வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தவணை முடியும் தேதி, வட்டி, அதில் உள்ள விலாசம், போன் நம்பர். வீடு மாறியிருந்தால் புது விலாசத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஏல நோட்டீஸ் பழைய வீட்டுக்குத்தான் போகும். கையில் கொஞ்சம் பணம் வந்தால் புதுப் பவுன் வாங்காதீர்கள். விலை சரிவதற்கு முன்பே, வைத்த நகையைத் திருப்புங்கள்.