எலும்பைக் காக்குமா நுண்ணுயிர்?

எலும்பைக் கல் போன்ற மாறாப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருவகைச் செல்கள் அதை ஓயாமல் அரிக்கின்றன. வேறொருவகைச் செல்கள் புதிதாய்க் கட்டுகின்றன. அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் ஈஸ்ட்ரோஜன். ஐம்பது வயதையொட்டிப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது இச்சுரப்பு வெகுவாகக் குறைகிறது. கடிவாளம் தளர்ந்தால் அரிப்பு மிஞ்சும் அல்லவா? பாட்டி வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு எளிதில் முறிவது இதனால்தான்.

குடலில் வாழும் நல்ல பாக்டீரியா இதைத் தடுக்குமா? சினைப்பை அகற்றிய எலிகளில் தடுத்தது. பிறகு ஸ்வீடனில் 75 முதல் 80 வயதுவரையுள்ள 90 பெண்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்னும் பாக்டீரியா கலந்த தூள். மற்றவர்களுக்கு வெறும் தூள். தாம் உண்பது எது என்று அவர்களுக்கே தெரியாது! ஓராண்டு கழிந்தது. பாக்டீரியா உண்டவர்களின் கணைக்கால் எலும்புத் தேய்வு மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். முடிவு 2018இல் வெளிவந்தது. உடனே எங்கும் பரபரப்பு.

ஆனால் அங்கேயே, மாதவிடாய் நின்று சில ஆண்டுகளே ஆன 239 பெண்களிடம் ஈராண்டு சோதித்தபோது பலன் எதுவும் தென்படவில்லை. இது 2024இல் வெளியான முடிவு. எலும்பு வேகமாகக் கரையும் பருவமோ இதுதான்!

நம் வீட்டுத் தயிருக்கும் இச்சோதனைகளுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். தயிரை உறைய வைப்பவை வேறு பாக்டீரியாக்கள். தயிரிலுள்ள கால்சியம் எலும்புக்குத் தேவை என்பது வேறு செய்தி.